ரேக்ளாவுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும் ஒரே டெலி ஜூம் போதுமா?

கேள்வி: கிராப் சென்சார் (சின்ன சென்சார்) டிஎஸ்எல்ஆரும் கேமராவோடு வந்த கிட் லென்ஸும் இருக்கிறது. வெளியில் நடக்கும் விளையாட்டு, போர்ட்ரெய்ட் இரண்டுக்கும் சேர்த்து தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் ஒரு டெலி ஜூம் லென்ஸ் வாங்க வேண்டும். 70-200 எஃப் 2.8க்குக் காசு சேர்க்கலாமா, விலை குறைந்த 70-300 போதுமா?

பகலில்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் 2.8க்குக் காசு சேர்க்க வேண்டாம். (70-200 என்பது ஜூம் போகும் அளவு, மில்லிமீட்டரில்; எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.) 70-200 எஃப் 4 செகண்ட் ஹேண்டில் நல்லதாகக் கிடைத்தால் அது. இல்லாவிட்டால் ஸ்டெபிலைசர் உள்ள 70-300.

எனக்கு உடுமலைப் பக்கம். நான் அதிகம் எடுப்பது ரேக்ளா, அதாவது மாட்டு வண்டிப் பந்தயம். எங்கள் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று இரண்டு பிரிவாக ஓட்டுவார்கள். முதலில் வைத்திருந்தது ஒரு மலிவான 75-300. காளை பாதித் தூரம் வந்த பிறகும் லென்ஸ் கர்ர்ர் என்று முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். கடைசியில் வண்டி கடந்துபோன புழுதி மட்டும் பளிச்சென்று பதிவாகியிருக்கும். அப்படி ஒரு சீசன் முழுக்கப் புழுதியாகவே சேர்த்தேன். விளையாட்டுக்கு லென்ஸ் வாங்கும்போது அப்பெர்ச்சருக்கு (எஃப் எண்ணுக்கு) முன்னால் ஃபோகஸ் மோட்டாரின் வேகத்தைப் பாருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

வெளிச்சம் நமக்குப் பிரச்சினையே இல்லை. உச்சி வெயிலில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200 வைத்தாலே 1/1600 வரை ஷட்டர் கிடைக்கும். ஓடுகிற காளையின் குளம்பை நிறுத்த 1/1000 போதும். ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், காளையை நிறுத்தாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், விற்கிறவர்கள் சில பேர் வேறு மாதிரி சொல்வார்கள். வெயிலில் கெடுப்பது இன்னொன்று: கானல். பதினொரு மணிக்கு மேல் முடிவுக்கோட்டுப் பக்கமிருந்து எடுத்துப் பாருங்கள், 200 மீட்டர் தள்ளிப் புறப்பட நிற்கும் மாடுகளின் கால்கள் தண்ணீரில் நிற்பதுபோல நெளியும். ஒன்றரை லட்சம் கொடுத்த லென்ஸிலும் அப்படித்தான் நெளியும். வண்டியைக் கிட்டே வரவிட்டு எடுப்பதுதான் வழி. கிராப் பாடியில் 200 எம்எம் வைத்தால் 30 மீட்டரில் ஃபிரேமின் அகலம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு மாடு, நுகத்தடி, பின்னால் எழும்பி நிற்கிறவர் என்று எல்லாம் அடங்கிவிடும். ஆனால் முடிவுக்கோட்டுக்கு நேர் எதிரே மட்டும் நிற்காதீர்கள். கோடு நமக்குத்தான், மாட்டுக்கு இல்லை.

கிரிக்கெட் என்றால் என் பதில் மாறும். எல்லைக்கோட்டிலிருந்து பேட்ஸ்மேன் 60, 70 மீட்டர் தள்ளி இருப்பார். படுக்கை வாட்டில் எடுத்தால் 200இல் அவர் ஃபிரேமின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, 300இல் பாதி. அதற்கு 70-300தான் சரி. 100-400 கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி போர்ட்ரெய்ட். 2.8 இல்லாமல் பின்னணி கரையாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பாருங்கள். 70-200 எஃப் 4இன் கடைசியில், 200ஐ நாலால் வகுத்தால் 50. எல்லோரும் புகழும் 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸுக்கு 47. 70-300இன் கடைசியில், 300ஐ 5.6ஆல் வகுத்தால் 54. இந்த எண்தான் லென்ஸின் திறப்பு, மில்லிமீட்டரில். முகம் ஒரே அளவில் வரும்படி நின்று எடுத்தால், தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பது இதைப் பொறுத்தது. உங்கள் கிட் லென்ஸுக்கு 55இல் பத்துகூட வராது. 70-200 எஃப் 2.8க்கு 71 வரும், மறுக்கவில்லை. ஆனால் 50க்கும் 71க்கும் நடுவில் இருக்கும் விலை வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பின்னணி தூரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஆளை மதில் சுவரை ஒட்டி நிற்கவைத்தால் 85தான் ஜெயிக்கும். எங்கள் ஊரில் தென்னந்தோப்புக்கும் வயல் வெளிக்கும் பஞ்சமில்லை, அதனால் எனக்கு நாலே போதுகிறது. ஓலை இடுக்கில் விழும் வெயில் பின்னால் வட்ட வட்டமாக வரும்.

ஒரே சங்கடம், தலையும் தோளும் வர 200இல் ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். போன மாசியில் ஒரு பெரியவர், தன் மயிலைக் காளையின் (வெளுத்த சாம்பல் நிறக் காளையின்) திமிலில் கை போட்டபடி நின்றார். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். "ஏனுங் தம்பி, அத்தனை தூரத்துல இருந்து எடுத்தா நான் தெரிவனுங்களா?" என்று சத்தம் போட்டார். அந்தச் சிரிப்போடு விழுந்ததுதான் என்னிடம் இருப்பதிலேயே நல்ல படம். வெயிலில் மயிலையின் முதுகு வெளுத்துப்போகும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஃபோகஸ் லைட்டில் நடக்கும் கபடிக்கு மட்டும் 5.6 ஆகாது. 2.8 அதைப்போல நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதற்காக நான் வாங்கவில்லை. கோவையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். எஃப் 4 முக்கால் கிலோ சொச்சம், இந்த 2.8 ஒன்றரைக் கிலோ. மூன்றாவது ஆட்டத்திலேயே மணிக்கட்டு கணக்குச் சொல்லிவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறு பக்கத்திலிருந்து பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கிய ஒன்றில் சிலந்தி வலை மாதிரி இழை ஓடியிருந்தது. கேட்டதற்கு, "தூசிங்க, துடைச்சாப் போயிரும்" என்றார்கள். ஃபங்கஸ் (பூஞ்சை), போகவே இல்லை. இன்னொன்று: நிக்கான் டி3500, டி5600 மாதிரி பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய 80-200 எஃப் 2.8 டி லென்ஸ் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டும். ஓடுகிற மாட்டுக்கு அது நடக்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பாடியிலேயே மாட்டி, கடைக்கு வெளியே வந்து, ரோட்டில் எதிரே வரும் பைக்குகளை ஒரு பத்து நிமிஷம் எடுத்துப் பாருங்கள்.