கேள்வி-பதில்: சைக்கிள் பிரேமை அளக்காமல் பாகம் வாங்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைக்கிளை ஒவ்வொரு பாகமாக வாங்கித் தாங்களே பூட்ட நினைப்பவர்களுடையவை. மற்ற கேள்விகள் அடுத்த முறை.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. ரெடிமேட் வேண்டாம், நானே ஒரு சைக்கிள் பூட்டலாம் என்று ஆசை. நல்ல 26 இஞ்ச் ரிம் ஒரு ஜோடி தள்ளுபடியில் வருகிறது. வாங்கிப் போடட்டுமா? – கல்லூரி மாணவர், காட்பாடி

வாங்காதீர்கள், தம்பி. முதலில் வாங்க வேண்டியது பிரேம். மற்ற எல்லாம் அதன் அளவைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சுவரில் முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டில் இறுக்கிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிரேமுக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்கும்போது மேல்குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே 3 முதல் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அந்த பிரேம் உங்களுக்கு இல்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

பிரேம் கைக்கு வந்ததும் ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். பின்சக்கரம் உட்காரும் இரண்டு டிராப்-அவுட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளங்கள். ரிம் பிரேக் வைத்த ரோடு பைக் என்றால் பெரும்பாலும் 130 மி.மீ., சாதாரண எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) என்றால் 135. ஹப் (சக்கரத்தின் நடு அச்சுப் பகுதி) அதே அளவில் இருக்க வேண்டும். சீட் குழாயின் உள்விட்டத்தை அளங்கள், 27.2 கேட்கும் குழாயில் 27.0 சீட்போஸ்ட்டைப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஓட்டும்போது இறங்கிக்கொண்டே வரும். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பகுதி) உட்காரும் குழாயின் அகலம் 68 மி.மீ.-ஆ 73-ஆ, உள்ளே மரை உண்டா இல்லையா என்று பாருங்கள். ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) மரை வைத்த பழைய வகையா, மரை இல்லாத புது வகையா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.

நீங்கள் சொல்லும் ரிம் 26 இஞ்ச் என்று மட்டும் எழுதியிருக்கிறதே, எந்த 26? டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ. ஆகவும் இருக்கலாம், 590 ஆகவும் இருக்கலாம். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 40-622 என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். இரண்டாவது எண்ணை நம்புங்கள், இஞ்சை நம்பாதீர்கள்.

ஹெட்செட் கிண்ணத்தைச் சுத்தியால் அடித்து இறக்கும் கடையில் பிரேமைக் கொடுக்காதீர்கள். பிரஸ் கருவி கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடையில் ஒரு நீள மரைக்கம்பி, இரண்டு நெட்டு, பெரிய தடித்த வாஷர்கள் வாங்கி, இரு பக்கமும் வைத்து மெதுவாக இறுக்கினால் கிண்ணம் நேராக இறங்கும். பாட்டம் பிராக்கெட்டில் பிஎஸ்ஏ எனும் ஆங்கில வகை மரை என்றால் வலப்பக்கக் கிண்ணம் இடப்பக்கமாகச் சுற்றினால்தான் இறுகும். கிரீஸ் தடவி முதல் மூன்று சுற்றையும் விரலாலேயே திருக வேண்டும். விரலால் போகவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஸ்பானரைப் போட்டு நெம்பினால் போவது கிண்ணம் மட்டுமல்ல, பிரேமும்தான்.

கையிலிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். கேபிள், அவுட்டர், ரிம் டேப், டியூப், கிரிப், செயின் என்று கணக்கில் எழுதாத சின்னச் சாமான்கள் அதைச் சாப்பிட்டுவிடும். தனித்தனியாக வாங்கினால் மலிவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பொருத்தமான சைக்கிள் கிடைக்கும், மலிவான சைக்கிள் கிடைக்காது.

என் பழைய எம்டிபி பிரேமில் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்தான் இருக்கிறது. பட்டறையில் வெல்டிங் வைத்து டிஸ்க் பிரேக் மாட்டித் தருகிறேன் என்கிறார்கள். – ஆம்பூர்

வேண்டாம். அலுமினிய பிரேமில் வெல்டிங் சூடு பட்ட இடம் பலமிழக்கும். டிஸ்க்கின் இழுவையைத் தாங்கும்படி அந்த ஃபோர்க் செய்யப்படவும் இல்லை. நல்ல பிரேக் கட்டையும் புதுக் கேபிளும் போடுங்கள்.

தாத்தாவின் 28 இஞ்ச் சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது. அந்த பிரேமை வைத்தே கியர் சைக்கிள் பூட்ட முடியுமா? – குடியாத்தம்

முடியும், ஆனால் துருவைச் சுரண்டிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பாட்டம் பிராக்கெட் குழாயைச் சுற்றியும், பின் கம்பிகள் சேரும் இடத்திலும் ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அதை வீட்டில் மாட்டி வையுங்கள், ஓட்டாதீர்கள்.

பிரேம் கெட்டியாக இருந்தால் அடுத்து அகலம். அந்தக் கால பிரேமின் பின்பக்கம் ஒற்றைப் பிரீவீலுக்கானது (பின்னால் ஒரே பல்சக்கரம்); இன்றைய கியர் ஹப்பைவிடக் குறுகல். இரும்பு பிரேம் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கலாம். அலுமினியத்தில் இதை நினைக்கவே கூடாது. விரித்தபின் ஒரு நூலை வலது டிராப்-அவுட்டில் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து இடது டிராப்-அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் ஒரு பக்கம் அதிகமாக வளைந்திருக்கிறது, சைக்கிள் நேராக ஓடாது.

சக்கரம்: உங்கள் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. இன்றைய 700சி ரிம் 622. ஆரத்தில் ஆறரை மி.மீ. குறையும் என்பதால் நீளமான கை உள்ள காலிப்பர் பிரேக் வேண்டும். பழைய கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிப்பது. புது ரிம்மோடு அது சேராது. இவ்வளவும் வேண்டாம் என்றால் அதே சக்கரத்தை வைத்துக்கொண்டு பேரிங் பால்ஸ், கோட்டர் பின் (பெடல் கையை அச்சில் பிடிக்கும் ஆணி), செயின், டயர் மட்டும் புதிதாகப் போடுங்கள். தாத்தா ஓட்டிய சைக்கிள் என்பதற்கு அதுவே மரியாதை என்பது என் எண்ணம்.

கடையில் சொல்லி ஒரு ஜோடி சக்கரம் கட்டினேன், 6,000 ரூபாய். இரண்டே மாதத்தில் பின்சக்கரத்தில் நான்கு ஸ்போக்ஸ் உடைந்தன. ‘நீங்க வெயிட்டு, பள்ளத்துல உட்டீங்க’ என்கிறார். ஜிஎஸ்டி மிச்சம் என்று சொல்லி பில்லும் தரவில்லை. – சத்துவாச்சாரி

உங்கள் மேல் தப்பில்லை. உடைந்த கம்பியை எடுத்துப் பாருங்கள். ஹப்பில் மாட்டும் வளைவில் உடைந்திருந்தால் அது பள்ளத்தால் வந்ததல்ல. கம்பி தளர்வாகக் கட்டப்பட்டு, சக்கரம் சுற்றும்போதெல்லாம் தளர்ந்து இறுகி, அந்த வளைவு அசந்துபோய் உடைகிறது. மிச்சமுள்ள கம்பிகளை விரலால் மீட்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். ஒன்று கணீரென்றும் பக்கத்தது மொத்தென்றும் கேட்டால் கோட்டம் மட்டும் எடுத்திருக்கிறார், இறுக்கத்தைச் சமப்படுத்தவில்லை. நிப்பிளுக்கு (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு நெட்டு) வெளியே கம்பியின் மரை தெரிந்தால் நீளமும் தவறு. நான்கு போன பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவதில் பயனில்லை. அந்தச் சக்கரத்தைப் புதுக் கம்பியில் முழுதாகக் கட்ட வேண்டும், அதுவும் அவர் செலவில்.

இனி பில். இதைக் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துவிட்டது. சைக்கிள் கடை வீதியில் ‘பில் போட்டா வெலை ஏறும்’ என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதேதான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில் தந்தாலும் ‘சைக்கிள் பார்ட்ஸ் – 1’ என்று எழுதுவார்கள். அது பில்லே அல்ல. ரிம் எந்தக் கம்பெனி, விட்டம் என்ன, எத்தனை துளை, ஹப் எந்த மாடல், கம்பி எத்தனை கேஜ், கூலி எவ்வளவு என்று வரி வரியாக இருக்க வேண்டும். ‘அலாய்’ என்று சொல்லி எனக்கு விற்ற ஒரு சீட்போஸ்ட்டில் காந்தம் வைத்ததும் ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. பில்லில் அலாய் என்று எழுதியிருந்ததால்தான் பணம் திரும்ப வந்தது. அந்த ஒரு சொல்லை எழுத வைக்கத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

உங்களிடம் பில் இல்லாவிட்டாலும், ஜிபே மூலம் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவும், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் சாட்சி. உடைந்த கம்பிகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

புது கிராங்கில் (பெடல் மாட்டும் கை) இடது பெடல் ஏறவே இல்லை. பலம் கொடுத்துத் திருகினேன், மரை போய்விட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். – வாணியம்பாடி

அவர் மறுப்பது சரி. இடது பெடலுக்கு மரை எதிர்த் திசை. பெடல் அச்சில் எல், ஆர் என்று பொறித்திருப்பதைப் பார்க்காமல் பலத்தைக் காட்டினால் பொருள் என்ன செய்யும்? இடது கிராங்க் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஏலகிரி ஏறுவதற்கு என்ன கியர் வைத்துப் பூட்டலாம்? – திருப்பத்தூர்

கணக்கைப் பாருங்கள். சாதாரண சைக்கிளின் முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் சேர்ந்தால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். 14 கொண்டை ஊசி வளைவுகளை அதில் ஏறினால் முட்டிதான் போகும். முன்னால் சின்ன வளையம் 32, பின்னால் பெரிய பல் 34 என்றால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் சொச்சம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழு கி.மீ.க்குச் சற்று மேல். ஏறிவிடலாம்.

வாங்கப்போகும் டிரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 34 பல்லை ஏற்குமா என்று அதன் மாடல் விவரத்தில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். செயினை வெட்டுவதற்கு முன் டிரெய்லரில் கோக்காமல் முன் பெரியது, பின் பெரியது இரண்டின் மேலும் சுற்றி, சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். குட்டையாக வெட்டிய செயின் பெரிய பல்லுக்கு மாறும்போது டிரெய்லரையே பிய்த்துவிடும். இறக்கத்துக்குப் புது பிரேக் கட்டை, புதுக் கேபிள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாதி விலைக்கு கார்பன் பிரேம் என்று ஆன்லைனில் படம் பார்த்து 12,000 அனுப்பினேன். மூன்று நாளாக போன் எடுக்கவில்லை. – ஆரணி

கடிதம் எழுதிய நேரத்தில் 1930-க்கு அழைத்திருக்க வேண்டும். சைபர் மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கும் வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இப்போதே அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.