ஒழுங்குக்குத் தனிப் பாடவேளை வேண்டாம்

கேள்வி: நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை. நாற்பது பிள்ளைகள் படிக்கும் என் வகுப்புக்கு இந்த ஆண்டு பத்து டேப்லெட்டுகள் வந்திருக்கின்றன. வந்த சில வாரங்களிலேயே ஒரு சம்பவம் நடந்துவிட்டது. பாடத்தை உரக்க வாசித்த மாணவி ஒருத்தி திக்கியதை ஒரு மாணவன் டேப்லெட்டில் காணொளியாக எடுத்து, வீட்டு செல்போனுக்கு அனுப்பி, வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பலர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். சிலர் வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் பள்ளிக்கு வர மறுக்கிறாள். டேப்லெட்டுகளைப் பூட்டி வைத்துவிடுங்கள் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கி டிஜிட்டல் குடியுரிமை, அதாவது இணையத்தில் பொறுப்போடு நடந்துகொள்வது, பற்றி வகுப்பெடுங்கள் என்கிறார் தலைமை ஆசிரியர். இந்தக் கருவிகளைப் பற்றி என்னைவிடப் பிள்ளைகளுக்கே அதிகம் தெரியும். நான் எங்கிருந்து தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

டேப்லெட்டுகளைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பெண்ணைக் கவனிப்போம்.

அவள் வீட்டாரிடம் நீங்களே பேசுங்கள். தவறு பள்ளியில் நடந்தது, அதில் அவளுடைய பிழை எதுவும் இல்லை, சரிசெய்யும் பொறுப்பு எங்களுடையது என்று அவளுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பிறகு, என்ன செய்தால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று அவளிடமே கேளுங்கள். சில பிள்ளைகள் மன்னிப்பை எதிர்பார்ப்பார்கள். சிலர் இதைப் பற்றி யாரும் இனி வாயே திறக்கக் கூடாது என்பார்கள். அவள் விருப்பப்படியே நடந்துகொள்ளுங்கள். வகுப்பைக் கூட்டி, அவளையும் அவனையும் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அவள் கேட்டாலொழிய அதைச் செய்யாதீர்கள். நாற்பது ஜோடிக் கண்களுக்கு முன்னால் அவளை இன்னொரு முறை நிறுத்துவதில்தான் அது முடியும்.

காணொளியைக் குழுவிலிருந்து நீக்கச் செய்வதோடு வேலை முடிந்துவிடாது. ஏற்கெனவே சேமித்தவர்களிடமும் வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்களிடமும் அது இருந்துகொண்டே இருக்கும். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, பெற்றோரின் துணையோடு அழிக்கச் செய்யுங்கள். ஆசிரியர்கள் அறையிலும் அது கைமாற வேண்டாம். தலைமை ஆசிரியர் ஒரு முறை பார்த்து நடந்ததைப் பதிவு செய்துகொண்டால் போதும்.

காணொளி எடுத்த மாணவனுக்குத் தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். செய்ததற்கு விளைவு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் ஒருவனை மட்டும் குற்றவாளியாக்கினால், சிரிப்புக் குறி போட்டவர்களும் அடுத்த குழுவுக்கு அனுப்பியவர்களும் தப்பித்தோம் என்று மூச்சு விடுவார்கள். அந்தப் பெண்ணை வீட்டுக்குள் முடங்க வைத்தது ஒருவன் எடுத்த காணொளி மட்டுமல்ல, அத்தனை பேரின் சிரிப்பும்தான். அவர்களிடமும் பேச வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கேமராவை உயர்த்திய கணத்தில், அவள் சம்மதிப்பாளா என்ற கேள்வி அவனுக்குள் ஏன் எழவில்லை? விழாவிலும் போட்டியிலும் நாம் பிள்ளைகளைப் படமெடுத்துக்கொண்டே இருக்கிறோம். பள்ளிப் பக்கத்தில் போடுகிறோம், நம் ஸ்டேட்டஸில் வைக்கிறோம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறோமா? படமெடுக்க அனுமதி கேட்க வேண்டும் என்பதை அவன் எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பான்? நீங்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான். நாளை முதல் எந்தப் பிள்ளையைப் படமெடுப்பதற்கு முன்னும், “எடுக்கட்டுமா? இது இங்கே போகும், இன்னார் பார்ப்பார்கள், சரியா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று ஒரு பிள்ளை தலையாட்டினால் கேமராவை உடனே இறக்குங்கள், காரணம் கேட்காதீர்கள். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண் பட்டியலைப் பெற்றோர் குழுவில் பெயரோடு போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். குழந்தைகளின் அந்தரங்கம் இணையத்திலும் அவர்களது உரிமை என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் குழு 2021இல் விரிவாகவே சொல்லியிருக்கிறது. அந்த ஆவணத்தைப் பிள்ளைகள் படிக்கப் போவதில்லை. உங்களைத்தான் பார்ப்பார்கள்.

இனி உங்கள் தலைமை ஆசிரியரின் யோசனைக்கு வருகிறேன். அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் தனிப் பாடவேளையில் சொல்லும் அறிவுரையைப் பிள்ளைகள் ஒரு பாடமாகத்தான் படிப்பார்கள். “பிறர் படத்தை அனுமதியின்றிப் பகிரலாமா?” என்று தேர்வில் கேட்டால் அந்த மாணவனும் “கூடாது” என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குவான். மதிப்பெண் வாங்கிய அதே கை மாலையில் அனுப்பு பொத்தானை அழுத்தும். விரல் அந்தப் பொத்தான் மேல் இருக்கும்போது யோசிக்கும் பழக்கம் வேண்டுமென்றால், விரல் அங்கே இருக்கும்போதுதான் அதைப் பழக்க முடியும். அதாவது, உங்கள் அறிவியல் பாடத்துக்குள்ளேயே.

எப்படி என்று ஒரு வகுப்பைக் காட்டுகிறேன். ‘பசிபிக் வடமேற்கு மர ஆக்டோபஸ்’ என்று ஓர் இணையதளம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மழைக்காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் இனம் அழிந்துவருகிறது, அதைக் காப்பாற்றுங்கள் என்று அது உருக்கமாகக் கேட்கும். அப்படி ஓர் உயிரினமே கிடையாது. 1998இல் ஒருவர் வேடிக்கைக்காக உருவாக்கிய தளம் அது. 2006இல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 25 பேரிடம் இந்தத் தளத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே நம்பத்தகுந்த தளம் என்றார்கள். பொய் என்று எடுத்துச் சொன்ன பிறகும் சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும்.

டேப்லெட்டுக்கு நால்வராகப் பிள்ளைகளைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இந்த உயிரினத்தைப் பற்றி மூன்று செய்திகளை எழுதி, இந்தத் தளத்தை எவ்வளவு நம்பலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். எழுதி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆக்டோபஸ் எந்த உறுப்பால் சுவாசிக்கிறது? செவுள் என்று யாராவது சொல்வார்கள். செவுளுக்கு ஆக்ஸிஜன் எங்கிருந்து கிடைக்கிறது, காற்றில் வெகுநேரம் இருந்தால் என்ன ஆகும் என்று மேலே போங்கள். மழைக்காட்டின் ஈரம் போதும் என்று அந்தத் தளம் சமாளிக்கும். போதுமா என்று அவர்களே வாதாடட்டும். சுவாசமும் தகவமைப்பும் உங்கள் பாடம்தானே! அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல விவாதம் கிடைக்காது.

அடுத்து, அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள். இந்த இடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் இதில் முக்கியமான ஓர் ஆய்வைச் செய்தார்கள். வரலாற்றாய்வாளர்கள் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர் இணையப் பக்கங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று கவனித்தார்கள். மாணவர்களும், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்கள் பலரும், அந்தந்தப் பக்கத்திலேயே நின்று மேலிருந்து கீழாக வாசித்தார்கள். நேர்த்தியான வடிவமைப்பையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே உலாவியில் புதிய தாவல்களைத் (tab) திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்களும் அவர்கள்தான். ஒரு தளத்தின் யோக்கியதையை அந்தத் தளத்திடமே கேட்கக் கூடாது என்பதைப் பிள்ளைகள் பழக வேண்டும். புதிய தாவலைத் திறந்து தேடினால், அந்த ஆக்டோபஸ் புரளி என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்போது நம்பியவர்களைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள். அந்த இடத்தில் நிறுத்துங்கள். நம்புவதில் வெட்கம் இல்லை, படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள் என்று அந்த ஆய்வைச் சொல்லுங்கள். இந்த ஒரு வகுப்பில் அறிவியல் இருக்கிறது, தகவலைச் சோதிக்கும் பழக்கம் இருக்கிறது, சக மாணவனை மதிப்பதும் இருக்கிறது. இதையெல்லாம் மூன்று பாடவேளைகளாக ஏன் பிரிக்க வேண்டும்?

பிள்ளைகளுக்கே அதிகம் தெரியும் என்ற உங்கள் தயக்கம் பல ஆசிரியர்களுக்கும் உண்டு. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், உண்மைதான். அழுத்தலாமா, அழுத்திய பின் யாருக்கு என்ன ஆகும் என்று எடைபோட உங்களுக்குத்தான் தெரியும். டேப்லெட்டை இயக்குவதை அவர்களிடமே விடுங்கள். “இது எனக்குத் தெரியாது, காட்டு பார்க்கலாம்” என்று தாராளமாகக் கேளுங்கள். கேள்வி கேட்கும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். நால்வருக்கு ஒரு கருவி என்பதையும் குறையாக நினைக்காதீர்கள். ஒருவர் இயக்க, ஒருவர் எழுத, மற்ற இருவர் “இது எப்படித் தெரியும்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும் குழுவில் பேச்சு நடக்கும். ஆளுக்கொரு திரை இருந்தால் அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும். இயக்குபவர் மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் மாறட்டும்.

எல்லாப் பாடத்துக்கும் டேப்லெட் வேண்டும் என்பதும் இல்லை. பேட்டரியும் பல்பும் கையில் இருக்கும்போது மின்சுற்றைத் திரையில் காட்டாதீர்கள். கண்ணால் பார்க்க முடியாத மூலக்கூறுகளின் அசைவைக் காட்ட, கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் (PhET) என்னும் திரைவழிப் பாவனைச் சோதனைகளைத் திறங்கள். விழும் பந்தின் வேகத்தை மெதுவோட்டக் காணொளியில் அளக்கலாம். கேமராவை நல்ல வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்த வகுப்பாகவும் உங்கள் வகுப்பு இருக்கும். பூட்டி வைத்தால் இந்த அனுபவமும் சேர்ந்து பூட்டப்பட்டுவிடும், வீட்டு செல்போன் மட்டும் எப்போதும்போல் திறந்தே இருக்கும்.

கணக்குத் தொடங்கும் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலான சமூக ஊடகங்களில் அனுமதி இல்லை. வாட்ஸ்அப்புக்கும் குறைந்தபட்ச வயது 13தான். உங்கள் பிள்ளைகளில் பலருக்கு 12 வயதுதான் இருக்கும். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு உள்ளே போ என்று ஆசிரியரே சொல்லும் பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்படும்போது மனம் வேதனைப்படுகிறது. கணக்கே தேவைப்படாத தளங்களையோ, பள்ளியின் பெயரில் உள்ள கணக்கையோ பயன்படுத்துங்கள். படங்களை எடுத்துப் பயன்படுத்தும்போதும் இதே நேர்மை வேண்டும். பிறர் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏராளமான படங்கள் கிடைக்கின்றன. படத்தைப் படைத்தவர் பெயரை நீங்கள் உங்கள் பாடத்தாளின் ஓரத்தில் எழுதினால், பிள்ளைகளும் தங்கள் செயல்திட்டத்தில் எழுதுவார்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விரைவில் கேட்பீர்கள். சாட்ஜிபிடி போன்ற கருவிகள் இல்லாத புத்தகத்தின் பெயரைக்கூட இருப்பதுபோல் உறுதியாகச் சொல்லும். உங்கள் பாடத்திலிருந்து ஒரு கேள்விக்கு அது தந்த பதிலை நீங்களே கரும்பலகையில் எழுதி, பாடப்புத்தகத்தை வைத்துத் திருத்தச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிவப்பு மையோடு உற்சாகமாக வருவார்கள்.

இணையம் இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வீட்டுப்பாடத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் கருவி இல்லாத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அந்த வேலையை வகுப்பிலேயே முடித்துவிடுங்கள்.

தலைமை ஆசிரியர் தனிப் பாடவேளைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் மறுக்க வேண்டாம். அந்த நேரத்தை வாங்கிக்கொண்டு, அறிவுரைக்குப் பதிலாக, வகுப்பில் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்ற விதிகளைப் பிள்ளைகளையே எழுத வையுங்கள். நடந்த சம்பவத்தின் பெயரோ சாயலோ அதில் வரக் கூடாது. ஆசிரியருக்கும் ஒரு விதி இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.