மன்னாருக்குப் போகிறவர்கள் கேட்டவை

வவுனியாவிலிருந்து: ஒரே நாளில் மன்னாரைச் சுற்றிப் பார்க்கலாமா அண்ணா?

நகரையும் தலைமன்னாரையும் பார்க்கலாம். அரிப்பு என்ற ஊருக்கு இன்னொரு நாள் வையுங்கள். காலையிலேயே தீவுக்குக் கடல் நடுவே போகும் தாம்போதிக்கு வந்துவிட்டால் இரண்டு பக்கமும் பறவைகள். தை மாசியில் பூநாரையும் நிற்கும். பாலம் தாண்டியதும் கோட்டை, 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தது. அப்புறம் பள்ளிமுனைப் பெருக்கமரம். உயரம் ஏழரை மீற்றர்தான், சுற்றளவோ 19 மீற்றருக்கு மேல். அண்ணாந்து பார்க்காமல் சுற்றி நடந்து பாருங்கள். அரபு வணிகர்கள் நட்டது என்பது ஊர்ப்பேச்சு. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து: தலைமன்னாரில் இராமேஸ்வரம் கப்பல் ஓடுகிறதா?

இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்குத் தொடங்கியது. 1964 புயல் அந்த ஊரை அழித்தபின் இராமேஸ்வரத்துக்கு ஓடி, 1984இல் நின்றது. இப்போது வெளிச்சவீட்டையும் பழைய இறங்குதுறையையும் பார்க்கலாம்.

மாங்குளத்திலிருந்து: அரிப்பு அல்லி ராணி கோட்டையைப் பற்றிச் சொல்லுங்கள்.

அது கதைகளில் வரும் அல்லி ராணி கட்டியதல்ல. முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்க 1801 முதல் 1804 வரை கட்டிய மாளிகை. சிப்பி சுட்ட சுண்ணாம்பில் சாந்து பூசியதால் ஒருகாலத்தில் பளிங்குபோல மினுங்கியதாம். இன்று செங்கல் தெரிகிறது. அடியில் மண்மேட்டைக் கடல் அரிக்கிறது, சுவர் விளிம்பில் நிற்கிறது. தயவுசெய்து அதில் ஏறாதீர்கள். அதே ஊரில் ஒல்லாந்தர் கோட்டை ஒன்றும் உண்டு. கண்டி அரசிடம் 19 வருடம் கைதியாக இருந்து தப்பிய ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் 1679இல் வந்து சேர்ந்தது அங்கேதான்.

மாங்குளத்தவர் மறுபடி: அப்பாச்சி சொன்ன கதை பொய்யா? வெள்ளைக்காரன் எழுதினால்தான் வரலாறா?

கதையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அல்லிக்குக் குதிரைமலைப் பக்கத்திலும் கதை இருக்கிறது, அதையும் கேளுங்கள். ஆனால் அரிப்பில் நிற்கும் தூண் டொறிக் என்ற பழைய கிரேக்கப் பாணித் தூண். அல்லி கிரேக்கத்திலிருந்து கொத்தனாரை அழைத்தாளா?

முருங்கனிலிருந்து: அவள் கோட்டை இருந்த இடத்திலேயே நோர்த் கட்டியிருக்கலாமே ஐயா?

இருக்கலாம், பழைய அத்திவாரத்தைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். காட்டாதவரை அது நோர்த்தின் வீடு.

மாங்குளத்தவர்: நாங்கள் அல்லிக் கோட்டை என்றுதான் சொல்லுவோம்.

சொல்லுங்கள், நானும் வழி கேட்கும்போது அப்படித்தான் கேட்பேன். கட்டியவர் யார் என்றால் மட்டும் நோர்த்.

முல்லைத்தீவிலிருந்து: பாய்க்கப்பல் காலத்துத் துறை எது? தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் இருக்கா?

இரண்டாவதுக்குப் பதில் மேலே. முதலாவதுக்கு, மாதோட்டம், இன்றைய மாந்தை. திருக்கேதீச்சரத்துக்குப் போகிறவர்கள் பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள், பக்கத்து மாந்தை மேட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அனுராதபுரத்தின் துறைமுகம் அது. 1980களின் அகழ்வில் சீனப் பாண்டத் துண்டுகள் வந்தன. மரக்கலம் நிறைந்த கடல் என்று சுந்தரர் பாடியது இந்த ஊரைத்தான். இப்போது கடல் சற்று விலகி நிற்கிறது.

செட்டிகுளத்திலிருந்து: தலைமன்னாரில் கப்பல் ஏற பாஸ்போர்ட் வேண்டுமா?

கப்பலே இல்லை தம்பி.

மடுவிலிருந்து: அரிப்புச் சுவரில் ஏறிப் படம் எடுக்கலாமா? சாப்பாட்டுக்கு?

ஏறாதீர்கள், தூர நின்று எடுங்கள். சாப்பாட்டைச் சிலாவத்துறையில் முடித்துக்கொண்டு போங்கள்.