தொழுகைச் செயலியில் பாங்கு ஏன் நேரம் தவறி ஒலிக்கிறது?

கேள்வி: என் மொபைலில் உள்ள தொழுகை நேரச் செயலி சில நாள் சரியாகப் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்கிறது, சில நாள் பத்து நிமிடம் பிந்துகிறது. தெருப் பள்ளிவாசல் நேரத்தோடும் ஒத்துப்போவதில்லை. கோளாறு செயலியிலா, மொபைலிலா?

பெரும்பாலும் இரண்டிலுமே கோளாறு இருக்காது. நேரத்தை இயங்குதளம் எப்படி வைத்திருக்கிறது, மார்க்கம் எப்படி வைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பிடிபட்டுவிடும். மென்பொருள் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஐந்து வேளைத் தொழுகையும் விடாமல் இருக்கப் பார்க்கிறேன். அதனால் இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

இஸ்லாத்தின் கடமைகள் ஐந்து. இறைவன் ஒருவனே, முஹம்மது நபி (ஸல்) அவன் தூதர் என்று உறுதிகொள்ளும் கலிமாவுக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது. மற்ற நான்கும் வானத்தோடு கட்டப்பட்டவை. தொழுகைக்குச் சூரியன். நோன்புக்கு ரமலான் பிறை, அதோடு விடியலும் மறைவும். ஜகாத் என்ற கட்டாய தர்மத்துக்கு, நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவை எட்டிய செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்திருக்க வேண்டும், அதில் 2.5 சதவீதம். ஹஜ்ஜுக்கு துல்ஹஜ் மாதம். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று குர்ஆனே சொல்கிறது (4:103). வக்து, அதாவது குறித்த நேரம், வருவதற்கு முன் தொழுதால் அந்தத் தொழுகை சேராது. ஆகவே பத்து நிமிடம் என்பது சின்ன விஷயமில்லை.

இப்போது மொபைலுக்கு வருவோம். செயலி நாள் முழுக்க விழித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பதில்லை. அப்படி இருந்தால் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ‘இத்தனை மணிக்கு என்னை எழுப்பு’ என்று இயங்குதளத்திடம் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். பிராசஸரை யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் கொடுப்பது என்று தீர்மானிப்பதுதான் இயங்குதளத்தின் முக்கியமான வேலை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து டோஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. திரை அணைந்து, மொபைல் அசையாமல் கிடந்தால், சாதாரண அலாரங்களை எல்லாம் சேர்த்துவைத்து, இடைவெளி விட்டு மொத்தமாக எழுப்பும். நோன்புக்கு முன் விடிகாலையில் சாப்பிடும் சஹருக்கு, தப்ஸ் என்ற பறையை அடித்து எழுப்பிக்கொண்டு போகும் பாவாவை (பக்கீரை) நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்றரை என்று சொல்லி வைத்திருந்தாலும், அவர் உங்கள் தெருவுக்கு வரும்போதுதானே உங்களுக்கு விழிப்பு? மொபைல் கையில் இருக்கும் நாளில் சரியாகவும், மேசையில் கிடக்கும் நாளில் தாமதமாகவும் பாங்கு வருவது இதனால்தான்.

துல்லியமான நேரத்தில் எழுப்பச் சொல்லவும் வழி இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்குத் தனி அனுமதி வந்துவிட்டது. 14-இல், புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு ‘அலாரங்கள், நினைவூட்டல்கள்’ அனுமதியைக் கொடுங்கள். பேட்டரிப் பகுதியில் கட்டுப்பாட்டை நீக்குங்கள். தாமதம் அநேகமாக இதிலேயே சரியாகிவிடும்.

இன்னொரு தவறு எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஒரு ரமலானில் சாச்சா துபாயிலிருந்து காயல்பட்டினம் வந்திருந்தார். மொபைலில் நேர மண்டலம் துபாயாகவே இருக்க, மணியை மட்டும் கையால் ஒன்றரை மணி நேரம் கூட்டி வைத்துவிட்டார். திரையில் இந்திய நேரம் சரியாகத்தான் தெரிந்தது. பள்ளிவாசலிலிருந்து பிள்ளைகள் தூக்குவாளியில் கஞ்சி வாங்கி வந்த மாலை ஐந்து மணிக்கு, அந்த மொபைல் மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) பாங்கு சொன்னது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முதல் நோன்பு பிடித்திருந்த தங்கை மகள் பேரீச்சம்பழத்தை எடுத்தேவிட்டாள். உம்மா கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். இயங்குதளம் உள்ளே மணி, நிமிடம் என்று வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி ஆயிற்று என்று, உலகப் பொது நேரத்தில் எண்ணிக்கொண்டே போகிறது. அதில் இந்தியாவுக்கு ஐந்தரை மணி, துபாய்க்கு நான்கு மணி கூட்டிக் காட்டுவது மேலே போர்த்திய ஒரு அடுக்கு. சாச்சா அந்த அடுக்கை மாற்றாமல் அடியிலுள்ள எண்ணிக்கையையே தொண்ணூறு நிமிடம் தள்ளிவிட்டார். செயலியோ ஊர் இருக்கும் இடத்தை வைத்துச் சூரிய மறைவைச் சரியாகக் கணக்கிட்டது. கடிகாரம்தான் பொய் சொன்னது. நேரம், நேர மண்டலம் இரண்டையும் தானியங்கியில் விடுங்கள். கையால் மாற்றவே வேண்டாம்.

அப்புறம், பள்ளிவாசலோடு ஒத்துப்போகாதது. விடியல் தொழுகையான சுபுஹுக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இருக்க வேண்டும் என்பதில் உலக முஸ்லிம் லீக் கணக்கு 18, வட அமெரிக்கக் கணக்கு 15. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். மூன்று பாகைக்கே பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாது. மாலைத் தொழுகையான அஸருக்கு மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு) வித்தியாசம் உண்டு. உச்சிப்பொழுதில் இருந்த நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல ஒரு மடங்கானால் ஷாஃபிஈக்கு வக்து வந்துவிடும். ஹனஃபிக்கு இரண்டு மடங்காக வேண்டும். நம் பக்கத்தில் இது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் வரும். ஷாஃபிஈகள் அதிகமுள்ள காயல்பட்டினத்துக்கும் ஹனஃபிகள் அதிகமுள்ள ஆம்பூருக்கும் ஒரே அமைப்பு சரிப்படாது.

இருப்பிட அனுமதி இல்லாவிட்டால் சில செயலிகள் பெரிய நகரம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். சென்னையைவிடக் காயல்பட்டினம் இரண்டு பாகைக்குச் சற்று மேல் மேற்கே இருப்பதால் உச்சிப்பொழுதே எட்டு நிமிடத்துக்கு மேல் பிந்தும். நோன்பு திறப்பதில் இந்த மாதிரி வித்தியாசம் எனக்குப் பயமாக இருக்கிறது. மறைவுக்கு முன் தெரியாமல் திறந்தாலும் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும், அதாவது பின்னால் ஒரு நாள் ஈடாக நோற்க வேண்டும்.

ஹிஜ்ரித் தேதியையும் மொபைலை நம்பி முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் சவூதியின் உம்முல் குரா நாட்காட்டி அதில் இருக்கும். அது முன்கூட்டியே கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவிப்பது ஒரு நாள் தள்ளிப் போகலாம். செயலியில் ஒரு நாள் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

முதலில் அலாரம் அனுமதி, பிறகு நேர மண்டலம், இருப்பிடம், கடைசியாக மத்ஹபும் பாகைக் கணக்கும், இந்த வரிசையில் பாருங்கள். பள்ளிவாசலில் மாட்டியிருக்கும் தொழுகை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிடத் திருத்தம் செய்யுங்கள். எல்லோரும் சேர்ந்து தொழும் ஜமாஅத் நேரத்தோடு அல்ல, பாங்கு நேரத்தோடு ஒப்பிட வேண்டும். அப்படியும் பிந்தினால் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்று கருத்தில் எழுதுங்கள், பார்க்கிறேன்.