எலி இல்லை, பிள்ளைதான்

கேள்வி: எங்கள் ஊர் பர்மாவில் தட்டோன். மகனுக்கு ஐந்து வயது. ஜூனில் கேஜியில் சேர்த்தோம். அதிலிருந்து ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிக்கிறான். முதல் நாள், எலிதான் கொறிக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடினேன். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார் சயாமா (டீச்சர்). வயிற்றில் பூச்சி என்று மாமியார் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கிறார். பல் தேய்ந்துவிடுமா?

பதில்: மகளே, அந்தச் சத்தம் கேட்கிற நமக்குத்தான் பல் கூசும். கடிக்கிற பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. தட்டி எழுப்பாதீர்கள், தூக்கம்தான் கெடும்.

பூச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நிரூபணம் ஆகவில்லை. பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுங்கள், அது வேறு கணக்கு. கொழுந்தை நிறுத்திவிடலாம். வேப்பெண்ணெயை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பே வரும்.

பால் பல் லேசாகத் தேய்வது சகஜம். விழப்போகிற பல்தானே! ஆனால் ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டியது. அதற்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தாடை வளர்கிற வயது என்பதால் பல்லுக்கு உறை போடச் சாதாரணமாகச் சொல்லமாட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா? அப்படியென்றால் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். காலையில் பொட்டுப் பக்கம் தலைவலி, மெல்லும்போது வலி, பகலெல்லாம் சிணுங்கல் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. பள்ளிக்கூடப் பயமும் இதற்குக் காரணமாக இருக்கலாம். வீட்டில் தமிழ், பள்ளியில் நாள் முழுக்க பர்மியம். பாவம், ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கக்கூட அவனுக்கு வார்த்தை வராமல் இருக்கலாம். அந்த நாலைந்து வார்த்தைகளை முதலில் வீட்டில் சொல்லிக்கொடுங்கள். சாயங்காலம் 'இன்னைக்கு என்ன படிச்சே?' என்று கேட்காமல், யார் பக்கத்தில் உட்கார்ந்தான் என்று கேளுங்கள். 'ராத்திரி பல்லைக் கடிக்கிறான்' என்று அவன் காதுபட யாரிடமும் சொல்ல வேண்டாம். படுக்கப்போகும் முன் போனை வாங்கி வைத்துவிடுங்கள். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரமாவது வேண்டும்.

சாயங்காலம் நீங்கள் குடிக்கிற பால் டீயில் அவனுக்கும் அரை கிளாஸ் போகிறதா? நம் வீடுகளில் போகும். அதை இன்றைக்கே நிறுத்துங்கள். மாமியார் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.