ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: ஜெலுத்தோங்கில் வேலை முடிந்து வீடு திரும்பிய என் தம்பியின் மோட்டாரை ஒரு கார் மோதி, கால் உடைந்துவிட்டது. வார்டுக்கே வந்த ஒருவர், கேஸ் போட்டுத் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, பினாங்கு

பதில்: போடாதீர்கள் அம்மா. வார்டுக்கு வந்து ஆள் பிடிப்பவர் பெரும்பாலும் புரோக்கர்தான், கிடைக்கும் நஷ்டஈட்டில் இத்தனை சதவீதம் என்று லாயரே பேரம் பேசுவதைக்கூட நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவசரமும் இல்லை. காயத்துக்கு வழக்குப் போட மலேசியத் தீபகற்பத்தில் 6 வருடம் இருக்கிறது (உயிரிழப்பு என்றால் 3 வருடம்தான், அரசாங்க வண்டி மோதியிருந்தாலும் அப்படித்தான்). ஆனால் போலீஸ் ரிப்போர்ட் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது, இன்னும் செய்யவில்லை என்றால் இன்றே போங்கள்.

மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு, கிராப் டாக்சி ரசீது வரை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், ரசீது இல்லாத செலவை கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம். பணம் தருவது பொதுவாக அந்தக் காரின் இன்சூரன்ஸ்தான், எனவே காரோட்டி பாவம் என்று தயங்காதீர்கள். தம்பி மீதும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம்! தம்பிக்குச் சந்தா கட்டப்படுகிறது என்றால், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்துக்கு அங்கேயும் மனு செய்யலாம், நம்மவர்கள் பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.