ஒரே அளவு ஆல்கஹால் கொடுத்தால் எல்லாப் பழ ஈக்களும் ஒரே மாதிரிதான் மயங்குமா? இதில் மரபணுவுக்கும் மூளைக்கும் என்ன பங்கு?

ஒரே மாதிரி மயங்காது. அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தை மொய்க்குமே சின்ன ஈ, டிரோசோபிலா, அதுதான் இது. நொதித்த பழத்திலேயே பிறந்து வளர்வதால் ஆல்கஹால் அதற்குப் புதிதல்ல. அதை உடைக்கும் நொதியும் உடம்பிலேயே இருக்கிறது. ஆனாலும் அளவு மீறினால் போதை ஏறும்.

அளக்கும் கருவி, சுமார் நாலடி உயரமுள்ள ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே சாய்வான வலைத் தட்டுகள். ஈக்களை மேலே விட்டு ஆல்கஹால் ஆவியைச் செலுத்துவார்கள். முதலில் துறுதுறுவென்று ஓடும். அப்புறம் கால் தடுமாறி, தட்டு தட்டாக உருண்டு கீழே வந்து விழும். சாதாரண ஈ விழ ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும்.

1998இல் சான் பிரான்சிஸ்கோவில் உல்ரிகே ஹெபர்லைனின் ஆய்வுக்குழு, 15 நிமிடத்திலேயே விழுகிற ஒரு வகையைக் கண்டுபிடித்து 'சீப்டேட்' (கொஞ்சம் குடித்தாலே போதையேறுபவரைக் குறிக்கும் ஆங்கிலக் கேலிச்சொல்) என்று பெயர் வைத்தது. அதில் பழுதாகியிருந்த மரபணு எது என்று தேடினால், நினைவாற்றலுக்குத் தேவை என்று ஏற்கெனவே தெரிந்திருந்த 'அம்னீசியாக்'! நரம்பு செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞைப் பொருளைக் கூட்டும் வழியில் இதற்குப் பங்கு உண்டு. மருந்து கொடுத்து அந்தப் பொருளைக் கூட்டியதும் சீப்டேட் ஈயும் மற்ற ஈக்களைப் போலத் தாக்குப்பிடித்தது. பாடம் கற்கவும் போதையைத் தாங்கவும் மூளையில் ஒரே ஏற்பாடு பயன்படுகிறது என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

சரி, எல்லாம் மரபணுதானா? இல்லை. எங்கள் குடும்பத்தில் குடியால் ஒருவரை இழந்திருக்கிறோம். 'மனக்கட்டுப்பாடு இல்லாதவர்' என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. அதனாலேயே அதே குழுவின் 2012 ஆய்வு எனக்கு முக்கியம். ஏற்கெனவே இணை சேர்ந்துவிட்ட பெண் ஈக்களோடு ஆண் ஈக்களை நாலு நாள் விட்டார்கள். அந்தப் பெண் ஈக்கள் கிட்டவே சேர்க்கவில்லை. பிறகு ஆல்கஹால் கலந்த உணவு, கலக்காத உணவு இரண்டையும் வைத்தபோது, இணை சேர்ந்த ஆண்களைவிட இவை ஆல்கஹாலை அதிகமாக நாடின. இவற்றின் மூளையில் என்பிஎஃப் என்ற நரம்புப்பொருள் குறைந்திருந்தது. அதைச் சுரக்கும் செல்களைச் செயற்கையாகத் தூண்டியபோது ஆல்கஹால் நாட்டம் குறைந்தது. மரபணு மாறவில்லை; பட்ட அனுபவம்தான் வேறு.

என்பிஎஃப்புக்கு இணையாக நம் மூளையில் என்பிஒய் இருக்கிறது. சுண்டெலியில் 1998இலேயே பார்த்துவிட்டார்கள்: என்பிஒய் இல்லாதவை அதிகமாகக் குடித்தன, கூடுதலாகச் சுரந்தவை குறைவாகக் குடித்தன.